திறவுகோல் யாரிடம்: கண்காணிப்புக் கமராக்களை ஊடுருவலிலிருந்து காத்தல்

கொழும்பு–ஹட்டன் பிரதான வீதி கித்துல்கலையைத் தாண்டி மலையேறி, நாவலப்பிட்டியிலிருந்து வரும் வீதியைச் சந்திக்கும் கினிகத்தேனை நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும், கண்காணிப்புக் கமரா நகைக்கடைக்கும் வங்கிக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்த காலம் கடந்துவிட்டது. சில்லறைக்கடை, மருந்தகம், பேக்கரி, சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில் நிரம்பும் தங்குவிடுதி, தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடம், வெளிநாட்டில் வேலை செய்யும் தாய் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக லயன் வீட்டின் மூலையில் வைக்கச் சொன்ன சிறு வைஃபை கமரா என அதன் இருப்பிடம் விரிந்துவிட்டது. திருட்டைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் வாங்கப்படும் இக்கருவி, இணையத்துடன் இணைக்கப்பட்ட கணத்திலிருந்து தானே காவல் தேவைப்படும் ஒரு கணினியாகிவிடுகிறது. பணம் கொடுத்து வாங்கியவர் ஒருவராகவும், அதன் கடவுச்சொல்லைக் கையில் வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருக்கும் நிலையே இப்பகுதியில் மிகப் பரவலான பலவீனம் என்பதால், இந்த அத்தியாயம் அதைச் சரிசெய்வதில்தான் அதிகக் கவனம் செலுத்துகிறது.

கருவியின் அமைப்பு

கண்காணிப்பு அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். முதல் வகையில் கமராக்கள் கம்பி வழியாக டீ.வீ.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டியுடன் இணைக்கப்படுகின்றன. கமராக்களுக்குத் தனித்தனியே இணையத் தொடர்பு கிடையாது, பெட்டிக்கு மட்டுமே உண்டு. இரண்டாவது வகையில் ஒவ்வொரு கமராவும் தனக்கென்று ஒரு வலையமைப்பு முகவரி கொண்ட சிறு கணினியாகும், ஐ.பி. கமரா என்றும், கம்பியின்றி இயங்குவதாயின் வைஃபை கமரா என்றும் வழங்கப்படும் இது, என்.வீ.ஆர். எனப்படும் பெட்டியிலோ தன்னுள் செருகப்பட்ட மெமரி கார்டிலோ காட்சிகளைப் பதிகிறது. எந்த வகையாயினும், வெளியுலகத்துடன் பேசும் வழி பெரும்பாலும் ரவுட்டர் என்ற கருவியே. ஊடுருவல் என்று இங்கே குறிக்கப்படுவது, உரிமையற்ற ஒருவர் தொலைவிலிருந்து இக்கணினிகளுள் ஒன்றினுள் நுழைந்து காட்சிகளைப் பார்ப்பதும், பிரதியெடுப்பதும், அழிப்பதும், அக்கருவியையே ஆயுதமாக்கி மூன்றாம் தரப்பினரைத் தாக்குவதும் ஆகும்.

தொலைவு காவலாகாது

மலைநாட்டுச் சிறு நகரமொன்றில் உள்ள கடையை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஊடுருவுபவர் கடையைத் தேடுவதில்லை என்பதே இதற்கான விடை. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்னும் மென்பொருள், ஏறத்தாழ 430 கோடி முகவரிகளைக் கொண்ட ஐ.பி.வி.4 முகவரித் தொகுதி முழுவதையும் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் வரிசையாகத் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டியது. அவ்வாறு தட்டும் நிரலுக்குக் கினிகத்தேனையும் நியூயோர்க்கும் ஒன்றே. திறந்திருக்கும் முகவரிகள் பட்டியலாகச் சேர்கின்றன, அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பிறகு ஒருவர் ஆறுதலாகப் பார்த்துக்கொள்கிறார்.

2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் இதன் விளைவை உலகுக்கு உணர்த்தியது. தொழிற்சாலையில் வைக்கப்பட்டு, வாங்கியவர் மாற்றாமல் விட்ட பயனர் பெயர்–கடவுச்சொல் இணைகள் 60க்கும் சற்று அதிகமானவற்றை மட்டுமே மாற்றி மாற்றி முயன்று, இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் ரவுட்டர்களையும் அது கைப்பற்றியது. அத்தகைய கருவிகள் பல ஒரே நேரத்தில் ஏவப்பட்டதால் 2016 ஒக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தின், இணையத்தளப் பெயர்களை முகவரிகளாக மாற்றும் சேவை முடங்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை அமெரிக்காவின் பெரும்பகுதியில் பல மணி நேரம் திறக்க முடியாமற் போனது. இந்நிரலை எழுதியதாக 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேவையகத் தொழிலில் போட்டியாளர்களை வீழ்த்துவதற்காகத் தொடங்கிய வேலை அது. கருவியின் மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தால் அந்நிரல் நினைவகத்திலிருந்து மறைந்துவிடும், ஆனால் கடவுச்சொல் மாற்றப்படாதவரை சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும் என்பது இன்றும் நினைவில் கொள்ள வேண்டிய செய்தியாகும். இந்த வகைத் தாக்குதலில் கமரா வழமைபோல் படம் காட்டிக்கொண்டே இருக்கும்; இணைய இணைப்பு மந்தமாவதைத் தவிர உரிமையாளருக்கு வேறு அறிகுறி தெரியாது.

இதைவிட அருகிலும் இதைவிடக் கொடியதாகவும் நிகழ்ந்தது, 2025 பெப்ரவரியில் இந்தியாவின் குஜராத் மாநிலத்தில் வெளிவந்த வழக்கு. ராஜ்கோட் நகரின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில், பெண்கள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படும் அறையில் இருந்த கமராவின் காட்சிகள் யூடியூபில் துண்டுகளாக வெளியிடப்பட்டு, முழுக் காட்சிகளுக்குப் பணம் கட்டுமாறு பார்வையாளர்கள் டெலிகிராம் குழுக்களுக்கு அழைக்கப்பட்டனர். அகமதாபாத் சைபர் குற்றப் பொலிஸார் விசாரணையைத் தொடங்கியபோது, அது ஒரு மருத்துவமனையோடு நிற்கவில்லை, பல மாநிலங்களின் மருத்துவமனைகள், கடைகள், அலுவலகங்கள், வீடுகள் எனப் பரந்த ஒரு வியாபாரமாக அது நடந்துவந்தது என்பது தெரியவந்தது. அம்மருத்துவமனையின் கமரா அமைப்புக்கு ‘அட்மின்123’ என்ற கடவுச்சொல்லே இருந்ததாகப் பின்னர் செய்திகள் தெரிவித்தன. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் தென்கொரியப் பொலிஸார், வீடுகளிலும் வியாபார நிலையங்களிலும் இருந்த ஏறத்தாழ 120,000 ஐ.பி. கமராக்களுள் நுழைந்ததாக நான்கு பேரைக் கைது செய்ததை அறிவித்தபோதும், வரிசை எண்களும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளுமாக இருந்த எளிய கடவுச்சொற்களே வழிவிட்டன என்று கூறினர்.

ராஜ்கோட் வழக்கில் நிறுத்திச் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்கமராவை வாங்கியது மருத்துவமனை. கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதும் அதுவே. ஆனால் முகமும் உடலும் விற்கப்பட்டது, அந்தக் கமராவைப் பற்றி ஒரு சொல்கூடக் கேட்கப்படாத பெண்களுடையது. கடை முதலாளி தன் கல்லாப்பெட்டிக்காகச் செய்யும் சிக்கனமும் சோம்பலும் பிறருடைய மானத்தில் போய் முடியலாம் என்பதால், கமராவின் பாதுகாப்பு உரிமையாளரின் சொந்த விடயமாக மட்டும் கருதப்பட முடியாதது.

திறவுகோலைக் கைப்பற்றுதல்

நகரிலோ ஹட்டனிலோ நாவலப்பிட்டியிலோ இருந்து வந்து கமரா பொருத்திக் கொடுப்பவர், வேலை விரைவாக முடிய வேண்டும் என்பதற்காகத் தான் போகும் எல்லா இடங்களிலும் ஒரே கடவுச்சொல்லை வைப்பதும், எப்போதாவது பழுது என்று அழைத்தால் வசதியாக இருக்கும் என்று அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதும் வழக்கம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆயினும் அவருடைய கைத்தொலைபேசி தொலைந்தாலோ, அவரிடம் உதவியாளராக இருந்த ஒருவர் விலகிச் சென்றாலோ, ஒரு நகரத்தின் பல கடைகள் ஒரே திறவுகோலில் திறந்துகொள்ளும். ஆகவே பொருத்தும் நாளன்று, கூலியைக் கொடுத்து அனுப்புவதற்கு முன்பு, உரிமையாளர் அவருடன் திரையின் முன் அமர்ந்து சில வேலைகளை முடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல். பெட்டியில் அனைத்தையும் மாற்றும் அதிகாரமுள்ள கணக்குக்கு ‘அட்மின்’ என்பதே பெரும்பாலும் பெயர். ஹிக்விஷன் நிறுவனத்தின் பழைய கருவிகள் 12345 என்ற கடவுச்சொல்லுடன் வந்தன. 2015 முதல் வாங்குபவரே ஒன்றை உருவாக்கினாலன்றிக் கருவி இயங்காதவாறு அந்நிறுவனம் மாற்றியது. ஆனால் பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகள் சில இன்றும் வெறுமையான கடவுச்சொல்லுடனேயே இயங்குகின்றன. புதிய கடவுச்சொல் 12 எழுத்துகளுக்குக் குறையாமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதி இடையிடையே எண்கள் சேர்த்ததாக அமைந்தால், உரிமையாளருக்கு நினைவில் நிற்பதோடு ஊகிப்பதற்கும் கடினமாக இருக்கும். பல பெட்டிகள் 16 எழுத்துகளுக்கு மேல் ஏற்பதில்லை என்பதால் குறுகிய சொற்களைத் தேர்வது நல்லது. கடையின் பெயர், தோட்டத்தின் பெயர், தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், பிள்ளையின் பிறந்த ஆண்டு ஆகியவை தகாதவை. அதைத் தட்டச்சு செய்யும் பொழுது கமரா பொருத்துபவர் திரும்பிக்கொள்ளுமாறு கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. எழுதி வைத்த தாளைப் பூட்டிய இரும்புப் பெட்டியில் வைத்தல் முற்றிலும் ஏற்கத்தக்கது. தாளைத் தொலைவிலிருந்து எவராலும் ஊடுருவ முடியாது.

இரண்டாவது, பயனர் பட்டியல். பெட்டியின் திரையில் மவுஸின் வலது பொத்தானை அழுத்திப் பட்டியலுக்குச் சென்றால், கணக்கு அல்லது யூஸர் என்ற தலைப்பின் கீழ் உள்ளே நுழைய உரிமை பெற்ற அனைவரின் பெயர்களும் தெரியும். உரிமையாளர் அறியாத எந்தப் பெயரும் அங்கே இருக்கக்கூடாது. காசாளரோ மேற்பார்வையாளரோ பார்க்க வேண்டுமாயின், பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கொன்றை உருவாக்கிக் கொடுத்து, அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அதை நீக்க வேண்டும். பட்டியலில் தென்படாத கணக்குகளும் இருக்கக்கூடும் என்பது 2018 ஒக்டோபரில் வியன்னாவின் எஸ்.ஈ.சி. கன்சல்ட் ஆய்வகம் வெளிப்படுத்திய உண்மை: சீனாவின் ஷியோங்மாய் நிறுவனம் தயாரித்து நூற்றுக்கும் மேற்பட்ட வேறு வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட கருவிகளில், ‘டிஃபோல்ட்’ என்ற மறைவான கணக்கு ஒன்றும், அதே சொல்லின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக எழுதிய கடவுச்சொல்லும் இருந்தன. அட்மின் கடவுச்சொல்லை எவ்வளவு கடினமாக மாற்றினாலும் இந்தக் கதவு திறந்தே கிடந்தது. பெட்டியின் மேல் ஷியோங்மாய் என்ற பெயர் அச்சிடப்பட்டிருக்காது என்பதால், எக்ஸ்எம்ஐ (XMEye) என்ற செயலியின் மூலம் பார்க்கும்படி கடைக்காரர் சொன்னால், அது இக்குடும்பத்தைச் சேர்ந்த கருவி என்று ஊகித்து, கூடியவரை வேறொன்றைத் தேர்வது புத்திசாலித்தனம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதை இணையத்திலிருந்து துண்டித்து, கடைக்குள்ளேயே பதிவு செய்யும் பெட்டியாக மட்டும் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பலர் முற்றாகத் தவறவிடுவது, செயலியில் கருவியின் உடைமை. கைத்தொலைபேசியில் காட்சிகளைக் காண உதவும் செயலிகளில் பெரும்பாலானவை ஒரு கருவியை ஒரே ஒரு கணக்கின் உடைமையாக மட்டுமே பதிந்துகொள்ளும். கமரா பொருத்துபவர் தன்னுடைய கணக்கில் அதைச் சேர்த்துவிட்டு உரிமையாளருக்குப் ‘பகிர்ந்து’ கொடுத்தால், உரிமையாளர் தன் சொந்தக் கடையில் விருந்தாளியாகிவிடுகிறார். அவருடைய செயலியில் காட்சிகள் குறையின்றித் தெரிவதால் இது கண்ணில் படுவதில்லை. செயலியைத் திறந்து, கருவியின் பெயருக்கு அருகில் ‘பகிரப்பட்டது’ என்ற குறிப்போ வேறொருவரின் கணக்குப் பெயரோ இருக்கிறதா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இருந்தால் முன்னையவர் தன் கணக்கிலிருந்து அதை நீக்க, உரிமையாளர் தன் தொலைபேசியில் தன் கணக்கின் கீழ் புதிதாகச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல் மறந்தால் மீட்டுத் தருவதற்கென்று பெட்டி கேட்கும் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் எவருடையவை என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவற்றை வைத்திருப்பவர் புதிய கடவுச்சொல்லை எந்நேரமும் தானாகவே உருவாக்கிக்கொள்ளலாம். பெட்டியின் அடியில் ஒட்டப்பட்டுள்ள கியூ.ஆர். குறியும் சரிபார்ப்புக் குறியீடும் வாடிக்கையாளர் கைத்தொலைபேசியில் படமெடுக்கக்கூடிய இடத்தில் இருத்தலாகாது.

மலைநாட்டுக்கு உரிய எச்சரிக்கை ஒன்று இங்கே பொருந்தும். மழையும் மின்னலும் மிகுந்த இப்பகுதியில் பதிவுப் பெட்டிகள் அடிக்கடி பழுதடைகின்றன. பழுது பார்ப்பவர் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, பழைய கடவுச்சொல்லை அழித்து, 123456 போன்ற ஒன்றை வைத்துச் சோதித்து, அதே நிலையில் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. பழுதிலிருந்து வந்த பெட்டியைப் புதிதாக வாங்கிய பெட்டியாகவே கருதி, மேற்சொன்ன மூன்று வேலைகளையும் மீண்டும் செய்ய வேண்டும். நீண்ட மின்வெட்டுக்குப் பின் திகதியும் நேரமும் பிழைத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது, ஏனெனில் நேரம் பிழைத்த பதிவின் சான்றுப் பெறுமதி விசாரணையில் குறைந்துபோகும்.

ரவுட்டர்

போர்ட் என்பது ரவுட்டரில் எண்ணிடப்பட்ட ஒரு நுழைவாயில். வெளியூரிலிருந்து கடையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக, வெளியிலிருந்து வரும் தொடர்பை நேரடியாகப் பதிவுப் பெட்டிக்கு அனுப்புமாறு சில நுழைவாயில்களைத் திறந்துவிடுவது போர்ட் ஃபார்வர்டிங் எனப்படும். இணையப் பக்கத்துக்கான 80, காட்சி ஓட்டத்துக்கான 554, ஹிக்விஷன் கருவிகளின் 8000, டாஹுவா கருவிகளின் 37777 ஆகியவை வழக்கமாகத் திறக்கப்படுபவை. தட்டித் திரியும் நிரல்கள் முதலில் தட்டுபவையும் இவையே. 2021 செப்டம்பரில் வெளிவந்த, 36260 என்ற இலக்கத்தால் அறியப்படும் ஹிக்விஷன் பலவீனம், இவ்வாறு வெளியே தெரியும் கருவியினுள் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ இன்றியே நுழைந்து அதை முழுமையாகக் கைப்பற்ற வழிவிட்டது. திருத்தம் உடனே வெளியிடப்பட்டும், ஓராண்டு கழித்து 80,000க்கும் மேற்பட்ட கருவிகள் திருத்தப்படாமல் இணையத்தில் கிடந்ததாக சைஃபேர்மா நிறுவனம் 2022 ஓகஸ்டில் அறிவித்தது. கடவுச்சொல் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இத்தகைய பலவீனத்துக்கு முன் அது பயன்படாது என்பதால், திறந்த நுழைவாயில்கள் அனைத்தையும் மூடுவதே உறுதியான வழி.

அதற்கு, ரவுட்டரின் வைஃபையில் இணைந்த தொலைபேசியில் உலாவியைத் திறந்து, ரவுட்டரின் அடியில் அச்சிடப்பட்டுள்ள முகவரியைத் தட்டச்சு செய்ய வேண்டும். வீடுகளுக்கு வழங்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் அது 192.168.1.1 ஆகவோ 192.168.8.1 ஆகவோ இருக்கும். உள்ளே சென்றதும் போர்ட் ஃபார்வர்டிங் பட்டியல் வெறுமையாக இருக்கிறதா என்பதையும், யூ.பி.என்.பி. என்ற வசதி அணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவது சொன்ன வசதி, வீட்டினுள் இருக்கும் எந்தக் கருவியும் எவரையும் கேட்காமல் தனக்கு வேண்டிய நுழைவாயிலைத் தானே திறந்துகொள்ள அனுமதிப்பது. பட்டியலை ஒருவர் மூடிவிட்டுப் போன மறுநாள் பதிவுப் பெட்டி அதை மீண்டும் திறந்துகொள்வது இதனால்தான். ஆகவே பெட்டியின் வலையமைப்புப் பகுதியிலும் இதே பெயருள்ள வசதியைத் தேடி அணைக்க வேண்டும். ரவுட்டருக்கே உரிய நிர்வாகிக் கடவுச்சொல்லையும், அடியிலுள்ள தாளில் அச்சிடப்பட்டு எல்லோர் கண்ணிலும் படும் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிய பின்னரே இவ்வேலை நிறைவுறும்.

கண்ணாடியிழை இணைப்பு எட்டாத தோட்டங்களில் சிம் அட்டையுடன் இயங்கும் 4ஜி ரவுட்டர்களும் கமராக்களுமே பயன்படுகின்றன. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வது வழக்கமாதலால், வெளியிலிருந்து நேரடியாக இத்தகைய கருவியைத் தட்டுவது பெரும்பாலும் இயலாது. இது ஒரு பாதுகாப்பே. ஆனால் முழுப் பாதுகாப்பன்று. இவ்விடங்களில் கருவிகள் பி2பி எனப்படும் முறையில், தயாரிப்பாளரின் சேவையகத்தை இடைத்தரகராகக் கொண்டு, தத்தமக்குரிய அடையாள இலக்கத்தின் மூலம் உரிமையாளரின் செயலியுடன் பேசுகின்றன. 2021 ஓகஸ்டில் மாண்டியன்ட் நிறுவனம், 8 கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் பயன்படுத்திய காலாய் என்ற இத்தகைய இணைப்பு முறையில், அடையாள இலக்கத்தை அறிந்த ஒருவர் அந்தக் கருவியாகவே நடித்து உரிமையாளரின் கடவுச்சொல்லைப் பிடிக்க முடியும் என்று வெளிப்படுத்தியது. கருவியின் அடியிலுள்ள எண்ணை இரகசியமாகக் காப்பதும், செயலியையும் கருவியின் உள்நிரலையும் இற்றைப்படுத்துவதும் இங்கே அதிக முக்கியம் பெறுகின்றன.

லயன் குடியிருப்புகளில் ஒரே இணைப்பை அடுத்தடுத்த வீட்டார் பகிர்ந்துகொள்வது இயல்பானது, செலவைக் குறைப்பதால் விரும்பத்தக்கதும்கூட. பகிர்வதை நிறுத்தத் தேவையில்லை. பல ரவுட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு என்ற இரண்டாவது வைஃபை பெயரை உருவாக்க முடியும். அதில் இணைபவர்களால் இணையத்தைப் பயன்படுத்த முடியுமேயன்றி முதல் வலையமைப்பில் உள்ள கருவிகளை அணுக முடியாது. அயலாருக்கும், கடைக்கு வரும் வாடிக்கையாளருக்கும், விடுதியில் தங்கும் யாத்திரிகருக்கும் இரண்டாவதன் கடவுச்சொல்லையே கொடுத்து, முதலாவதைக் கமராவுக்கும் வீட்டாருக்கும் மட்டும் வைத்துக்கொள்வது போதுமானது.

செயலியும் குடும்பமும்

2019 டிசம்பரில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எட்டு வயதுச் சிறுமியின் படுக்கையறையில் இருந்த ரிங் கமராவின் ஒலிபெருக்கி வழியாக அறியாத ஆண் ஒருவர் அவளுடன் பேசிய நிகழ்ச்சி, வீட்டுக் கமராக்களைப் பற்றிய பொது எண்ணத்தையே மாற்றியது. அக்காலத்து இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றில், வேறொரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கமராக் கணக்கிலும் முயன்று பார்க்கப்பட்டிருந்தன. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் வைப்பவரிடமே இம்முறை பலிக்கும். 2020 பெப்ரவரியில் ரிங் நிறுவனம் இரண்டடுக்குச் சரிபார்ப்பை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்பது, கடவுச்சொல்லுடன் சேர்த்து, உரிமையாளரின் தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணையும் கேட்பது. குறுஞ்செய்தியாக அந்த எண்ணைப் பெறுவதில், சமிக்ஞை கிடைக்காத பள்ளத்தாக்குகளில் சிரமம் ஏற்படும். இணைப்பு இல்லாமலே எண்ணை உருவாக்கும் ஓதென்டிகேட்டர் செயலிகளை ஏற்கும் கமராச் சேவைகளில் அவற்றையே பயன்படுத்துவது இவ்விடத்துக்குப் பொருந்தும்.

குடும்ப உறுப்பினர்கள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் இருக்கும் வீடுகளில், ஒரே கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடும் பழக்கம் உண்டு. தொலைவிலிருந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க விரும்பும் தாய்க்கு அதை மறுப்பது எவருக்கும் மனம் வராத செயல், மறுக்கவும் வேண்டியதில்லை. செயலியிலுள்ள பகிர்வு வசதியின் மூலம் அவருடைய சொந்தக் கணக்குக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் வழங்கினால், அவருடைய தொலைபேசி தொலைந்த நாளில் அந்த ஒரு உரிமையை நீக்கினாலே போதும். குழந்தைகள் உடைமாற்றும் இடத்தையும் படுக்கையையும் நோக்காமல், வாசலையும் கூடத்தையும் நோக்கிக் கமராவைத் திருப்பி வைப்பது எந்தக் கடவுச்சொல்லையும்விட உறுதியான காவல்.

இற்றைப்படுத்தலும் வாங்குதலும்

உள்நிரல் என்பது கருவியினுள் இருந்து அதை இயக்கும் மென்பொருள். அதற்கான திருத்தங்களைத் தயாரிப்பாளர் வெளியிடும்போது, தானாக இற்றைப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கியும், இல்லாவிட்டால் சில மாதங்களுக்கு ஒருமுறை செயலியில் தேடியும் அவற்றை நிறுவ வேண்டும். திருத்தம் வெளியிடுவதையே நிறுத்திவிட்ட பழைய கருவியை இணையத்தில் வைத்திருத்தல் தகாது. வாங்கும்போதே எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று கேட்டு, பற்றுச்சீட்டுடன் சேர்த்துக் குறித்துக்கொள்வது நல்லது. ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதல், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லுடன் இத்தகைய கருவிகளை விற்பது தடைசெய்யப்பட்டு, திருத்தங்கள் கிடைக்கும் காலத்தை அறிவிப்பதும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்னரே விற்பனைக்கு வரலாம். கருவியை விற்கும்போதோ எறியும்போதோ அதன் ஹார்ட் டிஸ்க்கையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். அழிக்கப்பட்டதாகத் தோன்றும் காட்சிகள் மீட்கக்கூடியவை.

எதைப் பார்க்கக்கூடாது

மேற்சொன்ன அனைத்தையும் செய்த ஒருவருக்கும், தன் கட்டுப்பாட்டில் இல்லாத இடம் ஒன்று எஞ்சுகிறது. 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கமராச் சேவை நிறுவனத்தின் நிர்வாகிக் கணக்கு ஒன்று பிறர் கையில் சிக்கியபோது, மருத்துவமனைகள், சிறைகள், தொழிற்சாலைகள் உட்பட ஏறத்தாழ 150,000 கமராக்களின் காட்சிகள் ஒரே நேரத்தில் திறந்தன. வாடிக்கையாளர்களின் தவறு அதில் எதுவும் இல்லை. 2024 பெப்ரவரியில் வைஸ் நிறுவனத்தின் கோளாறால் ஏறத்தாழ 13,000 பேருக்குப் பிறருடைய கமராப் படங்கள் தம் செயலியில் தோன்றின. எனவே, கசிந்தால் எவருக்கும் தீங்கு விளைவிக்காத காட்சியை மட்டுமே கமரா பார்க்கும்படி வைப்பது ஒன்றே எந்த நிறுவனத்தையும் நம்பியிராத பாதுகாப்பு.

கொழுந்து நிறுக்கும் தராசை நோக்கிய கமரா, நிறுவையில் எழும் சச்சரவுகளில் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் ஒருசேரப் பயன்படும். அதே கமரா ஒரு முழம் திரும்பி, மழையில் நனைந்து வந்த பெண்கள் உடைமாற்றும் அறையின் வாசலைப் பார்த்தால் அது வேறொரு பொருள். பிள்ளை மடுவத்தில் தாய்மார் பாலூட்டும் இடம், மருந்தகத்தில் நோயாளி பேசும் மேசை, விடுதியில் குளியலறைக்குச் செல்லும் நடைவழி ஆகியவை கமராவுக்கு வெளியே இருக்க வேண்டியவை. திரும்ப முடியாத கோணத்தில் அமைந்துவிட்டால், பெட்டியிலுள்ள மறைப்பு வசதியைப் பயன்படுத்தி அப்பகுதியைக் கறுப்புக் கட்டமாக மூடலாம். அவ்வாறு மூடிய பகுதி பதிவிலும் மூடியே இருக்கும். ஒலிப்பதிவு தேவையில்லாத இடங்களில் மைக்ரோஃபோனை அணைத்துவிட வேண்டும். இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபரின் முற்றிலும் வீட்டுத் தேவைக்கான பயன்பாட்டை விலக்கினாலும், கடையும் விடுதியும் தோட்ட நிர்வாகமும் அந்த விலக்குக்குள் அடங்குபவை அல்ல. கமரா இருப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாசலில் ஒட்டுவது, அதில் படமாகும் மனிதருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை.

ஊடுருவல் நிகழ்ந்தால்

தொட்டதே இல்லாத கமரா திசை திரும்பியிருத்தல், தேவையற்ற நேரத்தில் அதன் சிறுவிளக்கு ஒளிர்தல், ஒலிபெருக்கியில் அறியாத குரல், பயனர் பட்டியலில் புதிய பெயர், சரியான கடவுச்சொல் ஏற்கப்படாமை, செயலியின் உள்நுழைவு வரலாற்றில் அறியாத தொலைபேசி ஆகியவை அறிகுறிகள். முதலில் ரவுட்டரிலிருந்து கமராவின் அல்லது பெட்டியின் வலையமைப்புக் கம்பியைக் கழற்ற வேண்டும். வைஃபை கமராவாயின் அதன் மின்னிணைப்பைத் துண்டிக்கலாம். பதற்றத்தில் பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுவது பெருந்தவறு, ஏனெனில் யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து நுழைந்தார் என்ற பதிவேடும் அதனுடன் அழிந்துவிடும். பதிவேட்டுப் பக்கங்களையும் பயனர் பட்டியலையும் வேறொரு தொலைபேசியில் படமெடுத்து, திகதியும் நேரமும் குறித்து வைத்த பின்னரே மற்ற வேலைகள். அடுத்ததாக, செயலிக் கணக்கு, அதனுடன் இணைந்த மின்னஞ்சல், ரவுட்டர் ஆகியவற்றின் கடவுச்சொற்களை, சந்தேகத்துக்கு உட்படாத வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும்.

உரிமையின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ், ஐந்து ஆண்டு வரையான சிறைத்தண்டனையோ ஒரு இலட்சம் ரூபா வரையான அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றமாகும். பதிவுப் பெட்டியும் ஐ.பி. கமராவும் அச்சட்டத்தின் பொருளில் கணினிகளாகவே கொள்ளத்தக்கவை. முறைப்பாட்டை அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் செய்து அதன் பிரதியைப் பெற்றுக்கொள்வதோடு, தொழில்நுட்ப உதவிக்கு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். காட்சிகள் வெளியாகிவிட்டன அல்லது பணம் கேட்டு மிரட்டல் வந்துள்ளது எனில் பணம் செலுத்துவது மேலும் கேட்பதற்கே வழிவகுக்கும். மிரட்டல் செய்தியை அழிக்காமல் திரைப்பிடிப்பாகச் சேமித்து முறைப்பாட்டுடன் கையளிக்க வேண்டும். காட்சியில் இருப்பவர் சிறுவராயின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929, பெண்ணாயின் மகளிர் உதவி இலக்கமான 1938 ஆகியவற்றுக்கும் அறிவிக்கலாம். கமராவின் உரிமையாளர், அதில் படமானவரை உடனே அழைத்து நடந்ததைத் தன் வாயாலேயே தெரிவிக்கக் கடமைப்பட்டவர். அவர் அதைத் தன் தொலைபேசியில் பிறர் அனுப்பிய காட்சியாக முதன்முதலில் அறிய நேரக்கூடாது.